கோவளத்தில் அறை எடுக்குமுன்

திருவனந்தபுரத்திற்கு மாற்றலாகி வரும் வங்கி அலுவலர் எவராயினும், புதிய கிளையில் பொறுப்பேற்ற சில நாள்களுக்குள் ஒரு தொலைபேசி அழைப்பை எதிர்பார்க்கலாம். மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ ஓர் உறவினர் அல்லது பழைய வாடிக்கையாளர் பேசுவார். நலம் விசாரித்தல் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடும். மூன்றாவது வாக்கியம், "கோவளத்தில் எங்கே தங்கலாம்?" என்பதாகவே இருக்கும். கேட்பவர் எதிர்பார்ப்பது ஒரு விடுதியின் பெயர், ஒரு கைபேசி எண், இயன்றால் கட்டணத்தில் கொஞ்சம் சலுகை.

இந்தக் கேள்விக்கு விடுதியின் பெயரைச் சொல்லும் வழக்கத்தை நாம் எப்போதோ விட்டுவிட்டோம். பதிலுக்கு நாம் கேட்பது ஒன்றே: "உடன் வருகிறவர்களில் மூத்தவருக்கு வயது என்ன? அவரால் எத்தனை படி ஏற முடியும்?" கேட்டவர் சற்றுத் திகைப்பார். கடல் தெரியும் அறையைப் பற்றிப் பேச வந்தவரிடம் முழங்காலைப் பற்றி விசாரித்தால் அப்படித்தான் இருக்கும். ஆயினும் கோவளத்தைப் பொறுத்தவரை அறையைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து.

காரணம், அவ்வூரின் நில அமைப்பு. சென்னை மெரினாவையோ திருச்செந்தூரையோ மனத்தில் வைத்துக்கொண்டு கோவளத்திற்கு வருவோர் ஏமாறுவர். நகரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூரில் நீண்டு விரிந்த ஒரே கடற்கரை கிடையாது. கடலுக்குள் நீண்டு நிற்கும் பாறை முனைகள் கரையைப் பிறை வடிவான சிறு துண்டுகளாகப் பிரித்துவைத்திருக்கின்றன. தெற்கே கலங்கரை விளக்கக் கடற்கரை. அதை அடுத்து ஹவ்வா கடற்கரை. பாறை முனையைத் தாண்டி வடக்கே சமுத்ரா கடற்கரை. சாலை மேலே இருக்கிறது, கடல் கீழே இருக்கிறது. இடையில் தென்னஞ்சரிவு. சாலையிலிருந்து கடலுக்குச் செல்வது இறக்கம், திரும்புவது ஏற்றம்.

இந்தச் சரிவை மதித்துக் கட்டப்பட்ட ஒரு விடுதியும் இங்கே உண்டு. 1930-களில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் கடலை நோக்கிய குன்றின்மேல் ஹால்சியன் மாளிகையைக் கட்டினர். பிற்காலத்தில் அதன் அருகே இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திற்காக, 1970-களின் தொடக்கத்தில், கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா ஒரு விடுதியை வடிவமைத்தார். மணல்மேல் பெருங்கட்டடம் எழுப்பாமல், குன்றின் சரிவிலேயே அறைகளைப் படிப்படியாகப் பதித்துவைத்தார். ஓர் அறையின் முகப்பு மற்றோர் அறையின் பார்வையை மறைப்பதில்லை. இன்று அது தனியார் வசமுள்ள உயர்கட்டண விடுதி. நம் வாசகர்களில் பெரும்பாலோர் அதில் தங்கப் போவதில்லை, நாமும் தங்கியதில்லை. எனினும் அறை எடுக்கும் நாமும் அவர் செய்ததுபோல முதலில் சரிவைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்குப் பின்னர் வந்த சிறு விடுதிகள் பெரும்பாலும் கலங்கரை விளக்கக் கடற்கரையைச் சுற்றியே பெருகின. 1972-இல் ஒளி ஏற்றப்பட்ட, சிவப்பும் வெள்ளையுமாக வளையமிட்ட அந்த விளக்கத்தின் கீழ், கடலை ஒட்டி ஒரு நடைபாதை. அதன்மேல் உணவகங்களும் கடைகளும் விடுதிகளும். அவற்றின் பின்புறம் தென்னைகளுக்கு இடையே வளைந்து செல்லும் சந்துகள். இச்சந்துகளில் பலவற்றில் கார் நுழையாது, ஆட்டோவும் நுழையாது. வாகனத்தைச் சாலை முடியும் இடத்தில் விட்டுவிட்டுப் பெட்டியுடன் நடக்க வேண்டும். இளைஞர்களுக்கு இது ஒரு பொருட்டன்று. சொல்லப்போனால், வண்டி ஓசை கேளாத அந்தச் சந்துகளே இவ்வூரின் அழகு. ஆனால் கைபேசித் திரையில் அறை தேடுகிறவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. "கடற்கரையிலிருந்து 200 மீட்டர்" என்று மட்டும் தெரியும். அந்த 200 மீட்டர் வரைபடத்தில் நேர்கோடாக அளந்தது. அதனுள் எத்தனை படிகள் உள்ளன என்பதை வரைபடம் சொல்வதில்லை.

நம் கிளையில் ஓய்வூதியக் கணக்கு வைத்திருக்கும் ஓர் அம்மையார் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்தில் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்; மகனுடன் வசிப்பதற்காகத் திருவனந்தபுரம் வந்தவர். ஒரு வைப்புத்தொகை முதிர்ந்தபோது முழுவதையும் புதுப்பிக்காமல் அறுபதாயிரம் ரூபாயை எடுத்தார். மகன், மருமகள், இரண்டு பேரக்குழந்தைகள், ஊரிலிருந்து வந்த தங்கை ஆகியோருடன் கோவளத்தில் மூன்று நாள் தங்கப் போவதாகச் சொன்னார். அறை பார்த்தது மகன். கடற்கரைக்கு மிக அருகில், நல்ல மதிப்பெண் பெற்ற விடுதி. போன அன்று மாலை அம்மையார் படியிறங்கிக் கடலைப் பார்த்தார். ஏறி வந்தபோது முழங்கால் வீங்கிவிட்டது. அடுத்த இரண்டு நாளும் அறையில் இருந்தார். அவர் அறையின் சன்னலில் தென்னை உச்சிகள் தெரிந்தனவாம். திரும்பி வந்தபின் கிளைக்கு வந்தவரிடம் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டோம். "நல்லா இருந்தது தம்பி. ராத்திரியெல்லாம் கடல் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தது" என்றார். அவர் குரலில் குறை ஏதும் இல்லை. அந்த விடுதியின்மீதும் குறை சொல்ல இயலாது. அது விற்றது கடற்கரைக்கு அருகில் ஓர் அறை, அதைத்தான் கொடுத்தது.

இது விதிவிலக்கான நிகழ்ச்சி அன்று. குடும்பப் பயணங்கள் பலவற்றில் பணம் வருவது மூத்தவரின் ஓய்வூதியத்திலிருந்தோ முதிர்ந்த வைப்பிலிருந்தோதான். பணம் வழங்கும் முகப்பில் அமர்ந்திருப்போர் இதை நன்கு அறிவர். அறையைத் தேர்வு செய்வதோ கைபேசியை லாகவமாகக் கையாளும் இளையவர். அவர் தம் கால்களைக் கொண்டே ஊரை அளக்கிறார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வீட்டில் எவரும் அவரிடம் படிகளைப் பற்றிப் பேசுவதில்லை, அவ்வளவே. மூத்தவர்களும் "எனக்கென்ன, எங்கேயாவது ஓர் ஓரமாக இருந்துகொள்கிறேன்" என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். இந்த வாக்கியத்தை அறை பதிவு செய்யும்போது மட்டுமாவது எவரும் நம்பிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஆகவே விடுதிக்கு நேரடியாகத் தொலைபேசியில் பேசுங்கள். வாகனம் வாசல்வரை வருமா, வராதெனில் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். அங்கிருந்து அறைக்கும், அறையிலிருந்து மணலுக்கும் எத்தனை படிகள், கைப்பிடி உண்டா என்று கேளுங்கள். மின்தூக்கி உண்டென்றால் அது எந்தத் தளத்திலிருந்து தொடங்குகிறது என்றும் கேட்க வேண்டும். சரிவில் கட்டிய கட்டடத்தில் வரவேற்பறை மூன்றாம் தளத்தில் இருப்பது இங்கே இயல்பு. கழிப்பறை மேனாட்டு முறையா, அதன் வாசலில் மேடு உண்டா என்பதும் கேட்கத்தக்கதே. பொறுமையாகப் பதில் சொல்லும் விடுதியில் பாதி நம்பிக்கை வைக்கலாம். "எல்லாம் ஓகே, வாங்க சார்" என்று மட்டும் சொல்பவரிடம் கேள்வியை மீண்டும் ஒருமுறை கேளுங்கள்.

மூத்தவர்களுடன் வருவோர்க்குக் கலங்கரை விளக்கப் பகுதியின் சந்துகளை நாம் பரிந்துரைப்பதில்லை. வாகனம் வாசல்வரை செல்லக்கூடிய சமுத்ரா கடற்கரைப் பக்கம் அவர்களுக்கு ஏற்றது. கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் சமுத்ரா விடுதி அங்கேதான் உள்ளது. தனியார் விடுதிகளும் உண்டு. கூட்டம் குறைவு. கடைத்தெருவின் கலகலப்பை விரும்புவோர்க்குச் சலிப்பாகத் தோன்றலாம். ஆனால் மாலையில் நாற்காலியில் அமர்ந்து அலையைப் பார்க்க விரும்பும் ஒருவருக்கு அது போதும். கைக்குழந்தையோ முதியவரோ இல்லாத நண்பர் குழுவுக்கு இதற்கு நேர்மாறான பதிலைச் சொல்வோம்: கலங்கரை விளக்கத்தின் பின்சந்துகளில் எளிய விடுதி ஒன்றைப் பாருங்கள், கடல் தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். பகல் முழுவதும் கடலிலேயே இருக்கப் போகிறவர்கள் இரவில் உறங்குவதற்கு எதற்காகக் கடற்காட்சிக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும்? விளக்கத்துக்குத் தெற்கே நகர்ந்துவிட்டாலோ "கடல் தெரியும்" என்பதில் விழிஞ்சம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் அடங்கும். 2025 மே 2-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அத்துறைமுகத்தில் பெருங்கப்பல்களைப் பார்ப்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் எல்லோருக்கும் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை.

மேலும் தெற்கே சொவ்வரை, புளிங்குடி ஆகிய இடங்களில் ஆயுர்வேதச் சிகிச்சையுடன் கூடிய தங்குமிடங்கள் உள்ளன. அவை வாரக்கணக்கில் தங்குவோர்க்கு உரியவை. இன்னும் தெற்கே, நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறில், படகில் மட்டுமே சென்றடையக்கூடிய ரிசார்ட்டுகள் இருக்கின்றன. படங்களில் மிக அழகாகத் தோன்றும். இதயநோயோ ஆஸ்துமாவோ உள்ளவர் உடன் இருந்தால் அங்கே தங்க வேண்டாம் என்பதே நம் கருத்து. நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் முதலில் படகு, பிறகு கார், பிறகு நகரம் என்று செல்ல வேண்டியிருக்கும். மருத்துவக் கல்லூரியும் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும் நகரத்தில்தான் உள்ளன.

அடுத்தது மாதம். கோவளத்திற்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை சீசன். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1. அதற்கு முன்பிருந்தே கடல் கொந்தளிக்கத் தொடங்கி, செப்டம்பர் வரை பெரும்பாலும் அப்படியே இருக்கும். நம் பிள்ளைகளுக்கோ ஏப்ரலிலும் மே மாதத்திலும்தான் விடுமுறை. இந்த மாதங்களில் இன்னொரு அபாயமும் உண்டு. கரையில் காற்றோ மழையோ இல்லாத தெளிந்த நாளில், திடீரெனக் கடல் எழும்பி உள்ளே வரும். தொலைவில், தென்னிந்தியப் பெருங்கடலில் வீசிய புயற்காற்றால் எழுந்த நெடும் அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து மோதுவதே இதற்குக் காரணம். திருடனைப் போலச் சொல்லாமல் வருவதால் கேரள மீனவர்கள் இதைக் "கள்ளக்கடல்" என்றனர். 2012-இல் யுனெஸ்கோ அச்சொல்லையே அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. 2024 மார்ச் இறுதியில் திருவனந்தபுரம் மாவட்டக் கரையோரக் குடியிருப்புகளில் கடல்நீர் புகுந்தது இவ்வாறுதான். அதே ஆண்டு மே 6-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. ஹைதராபாதில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கடற்கொந்தளிப்பு எச்சரிக்கையை அதற்கு முன்பே விடுத்திருந்தது.

ஆகையால் மே மாதத்தில் அறை எடுப்பவர், கடலில் குளிப்பதையே நோக்கமாகக் கொண்டு எடுக்க வேண்டாம். உயிர்காப்புப் பணியாளர்கள் நிற்கும் பகுதியில், அவர்கள் பணியில் இருக்கும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள். சிவப்புக் கொடி கட்டியிருந்தால் கணுக்கால்கூட நனைய வேண்டாம். பாறை முனைகளின் அருகே நீரோட்டம் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் தன்மையது. புகைப்படம் எடுப்பதற்காக அங்கே ஏறுவோரைப் பார்க்கும்போதெல்லாம் நமக்குப் பதற்றமாக இருக்கிறது. குளிக்கும் ஆசை இல்லாதவர்களுக்கு ஒரு மாற்று யோசனை. மழைக்காலத்தில் கட்டணம் வெகுவாகக் குறைந்துவிடும். நம் ஆடி மாதத்தை ஒட்டி வரும் கர்க்கடகம் ஆயுர்வேதச் சிகிச்சைக்கு உகந்த காலமாகக் கேரளத்தில் கருதப்படுகிறது. மழையில் கறுத்துக் கிடக்கும் அரபிக்கடலைத் திண்ணையிலிருந்து பார்த்திருப்பதற்கு ஜூலையைவிடச் சிறந்த மாதம் இல்லை என்று நாம் நினைக்கிறோம். இதை நண்பர்களிடம் சொல்லி இதுவரை ஒருவரையும் சம்மதிக்கவைக்க முடியவில்லை.

இனிப் பணத்தைப் பற்றி. வணிகவியல் படித்தவர்களிடம் பயணக் கட்டுரை எழுதச் சொன்னாலும் வரி அட்டவணை வந்துவிடும், வாசகர் பொறுத்தருள்க. விடுதி அறைக்கான சரக்கு மற்றும் சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 விழுக்காடு. அதற்கு முன் 12 விழுக்காடாக இருந்தது. 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 விழுக்காடு. இந்த எல்லைக்கோடு பலர் கண்ணில் படுவதில்லை. 7,400 ரூபாய் அறைக்கு வரி 370; மொத்தம் 7,770. அடுத்த விடுதியில் 7,600 ரூபாய் அறைக்கு வரி 1,368, மொத்தம் 8,968. இருநூறு ரூபாய் வேறுபாடு என்று நினைத்தது, ஓர் இரவுக்கு 1,198 ரூபாய் வேறுபாடாகிவிடுகிறது. மூன்று இரவு, இரண்டு அறை என்றால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சீசனில் 7,500-ஐ ஒட்டி நிற்கும் கட்டணத்தைக் கண்டால் சிறிது பேரம் பேசுவதில் தவறில்லை. உணவுக் கட்டணச் சீட்டில் சேவைக் கட்டணம் என்று தானாகச் சேர்த்திருந்தால் அதை நீக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இதற்கான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதலை 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் சில விடுதிகள் விருந்துக் கட்டணத்தைக் கட்டாயமாக்குவது உண்டு. பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

முன்பணம் செலுத்துவதில் நாம் சற்றுக் கண்டிப்பானவர்கள். உண்மையான விடுதியின் படங்களையும் பெயரையும் எடுத்துப் போலி இணையதளம் உருவாக்கி, தேடுபொறியில் விளம்பரம் கொடுத்து, வாட்ஸ்அப்பில் பேசி முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் கும்பல்கள் பெருகிவிட்டன. மத்திய உள்துறை அமைச்சகத்தின் இணையக் குற்றத் தடுப்பு மையமே 2025-இல் இதுபற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. யுபிஐ வழியாகப் பணம் அனுப்புமுன் பெறுபவரின் வங்கிப் பதிவுப் பெயர் திரையில் தோன்றும். விடுதியின் பெயரோ அதன் உரிமையாளர் என்று சொல்லப்பட்டவரின் பெயரோ அங்கே இல்லாமல் வேறொரு பெயர் இருந்தால் அனுப்பாதீர்கள். "முழுத் தொகையையும் இப்போதே செலுத்தினால் முப்பது விழுக்காடு தள்ளுபடி, இன்னும் பத்து நிமிடமே அவகாசம்" என்று எவராவது அவசரப்படுத்தினால் தொலைபேசியை வைத்துவிடலாம். பணம் பறிபோய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு தாமதிக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், பிறகு வங்கிக்குச் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்தில் தெரிவித்தால் தொகை வேறு கணக்குகளுக்கு நகருமுன் நிறுத்திவைக்கும் வாய்ப்பு அதிகம். அடையாளச் சான்றாக ஆதார் நகலைக் கேட்டால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலைக் கொடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு விடுதி நடத்துவோர் பக்கத்தையும் சொல்லாவிட்டால் அது முறையாகாது. கடன் பிரிவில் அமர்ந்து இத்தகைய சிறு விடுதிகளின் வரவு செலவைப் பார்த்திருக்கிறோம். வருமானம் நான்கு மாதம். தவணை பன்னிரண்டு மாதம். உப்புக் காற்று இரும்பையும் குளிர்பதனப் பெட்டியையும் தின்றுவிடும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வண்ணம் பூச வேண்டும். டிசம்பரில் பத்து நாள் பதிவு செய்துவிட்டு முதல் நாள் இரவு ரத்து செய்யும் ஒரு குடும்பம், அந்தச் சிறு உரிமையாளருக்கு ஒரு மாதத் தவணையை இழக்கவைக்கக்கூடும். எனவே சீசன் காலத்தில் ரத்துக் கட்டணம் வாங்குகிறார்கள் என்பதற்காக அவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று சொல்வது நியாயமாகாது. விதியை முன்பே எழுத்தில் தெரிவிக்கிறார்களா என்பதே கேள்வி. முதல் நாள் வாடகையை மட்டும் முன்பணமாகக் கொடுத்து, மீதியை வந்து சேர்ந்ததும் செலுத்துவது இரு தரப்புக்கும் பொருந்தும் ஏற்பாடு. பெரும்பாலான சிறு விடுதிக்காரர்கள் கேட்டால் சம்மதிக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. வீட்டின் ஒரு பகுதியை விருந்தினருக்கு ஒதுக்கும் ஹோம்ஸ்டேக்களை நம் மக்கள் ஏனோ கடைசியில்தான் பார்க்கிறார்கள். கேரள அரசின் சுற்றுலாத் துறை அவற்றைச் சோதித்துத் தரம் பிரித்துச் சான்று அளிக்கிறது. 2025–26 மத்திய நிதிநிலை அறிக்கை ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் அறிவித்திருக்கிறது. சான்று பெற்ற ஹோம்ஸ்டே ஒன்று மேல்சாலை ஓரத்தில் கிடைத்தால், நடுத்தர விடுதியைவிட அதையே நாம் தேர்ந்தெடுப்போம். தரைத்தளத்தில் அறை கிடைக்கும். கஞ்சி வேண்டும் என்றால் வைத்துத் தருவார்கள். எந்த மருந்துக்கடை இரவில் திறந்திருக்கும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். கடல் தெரியாது என்பது உண்மை. ஆனால் வாசலில் ஆட்டோ ஏறிக் கடற்கரையில் இறங்கி, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அதேபோலத் திரும்பிவிடலாம். தலைமை ஆசிரியை அம்மையார் மூன்று நாளும் மாலையில் கடலைப் பார்த்திருப்பார்.

கோவளத்தில் தங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பத்மநாபசுவாமி கோயில் தரிசனமே முதன்மை என்றால் நகரத்தில், தம்பானூர் அல்லது கிழக்கேகோட்டைப் பக்கம் தங்குவது நல்லது. அதிகாலைத் தரிசனத்திற்கு ஆண்கள் வேட்டியிலும் பெண்கள் சேலை போன்ற மரபு உடையிலும் நடந்தே போய்விடலாம்; கோவளத்திற்குக் கிழக்கேகோட்டையிலிருந்து நகரப் பேருந்துகள் செல்கின்றன. ஆனால் கும்ப மாதத்தில், அதாவது பிப்ரவரி–மார்ச்சில், ஆற்றுக்கால் பொங்கலை நாளைத் தவிர்த்துவிடுங்கள். அல்லது அதற்காகவே வாருங்கள். 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு பெற்ற விழா அது. அந்த வாரம் நகரத்தில் அறை கிடைப்பது அரிது. விமானத்தில் வருவோர், ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்மநாபசுவாமியின் ஆறாட்டு ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும் என்பதையும், அன்று சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படும் என்பதையும் தெரிந்துவைத்திருக்கலாம்.

வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வர்க்கலையைச் சிலர் விரும்புவர். இரயில் நிலையம் ஊருக்குள்ளேயே இருப்பது வசதி. சிவகிரி மடமும் ஜனார்த்தனசுவாமி கோயிலும் அங்கே உள்ளன. ஆனால் அங்கும் பெரும்பாலான விடுதிகள் செங்குத்தான செம்பாறையின் உச்சியில், கடற்கரை அடியில். நிலவியல் ஆய்வுத் துறை பாதுகாக்கத்தக்க சின்னமாக அறிவித்த பாறை அது. மழையில் சரிவும் உண்டு. விளிம்பில் தொங்கும் உணவகத்தைவிடச் சற்று உள்ளே தள்ளிய அறையை எடுங்கள். மூத்தவர் உடன் இருந்தால், கோயிலின் கீழே பாபநாசம் கடற்கரைக்குச் செல்லும் சாலையை ஒட்டிப் பாருங்கள். அங்கே வாகனம் மணலுக்கு அருகிலேயே வந்துவிடும்.

முடிவாக, பதிவு செய்யும் பொத்தானை அழுத்துமுன் ஊரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கோவளம் உண்டு. கன்னியாகுமரிக்கு அருகிலும் ஒரு கோவளம் உண்டு. கட்டணம் வியப்பூட்டும் வகையில் குறைவாகத் தெரிந்தால் அது வேறு கோவளமாக இருக்கலாம். இந்தக் கோவளத்தின் அஞ்சல் குறியீட்டு எண் 695527.